கேபிள் காருக்குக் காசு கட்டாமல் ஆல்ப்ஸ்: கைசர்டாலில் குடும்பமாக நடந்த அனுபவம்

ஆல்ப்ஸ் மலையில் காசு கரைவது நம்மை யாரோ மேலே ஏற்றிவிடும் இடத்தில்தான். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனிலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோஹ் நிலையத்துக்கு 1912-இலிருந்து ரயில் போய்வருகிறது. கோடையில் முழுக்கட்டணச் சீட்டு எடுத்தால் ஒருவருக்குப் போய்வர 200 பிராங்குக்கு மேல். மூன்று பெரியவர்கள் என்றால் சீட்டுக்கே 600 பிராங்க் போய்விடும். நான், கணவர், பத்து வயது மகள், ஏழு வயது மகன், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் அப்பா என்று நாங்கள் ஐந்து பேர். ஆஸ்திரியாவின் கைசர்டால் பள்ளத்தாக்கில் நடந்து, மலைக்குடில்களில் தங்கித் திரும்பியதற்கு ரயில், படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 450 யூரோவுக்குள் அடங்கியது.

எப்படி என்று, நாங்கள் குடியிருக்கும் மூனிக்கில் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அவர்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போவது இங்கே எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். ரயிலில் மேலே போய், பனியில் நின்று படம் எடுத்து, மாலையில் இறங்கிவிடுவோம். முதியவர்களுக்கு அது நல்ல நாள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் நடக்கிற வயதில் இருந்தால், பெரியவர்களுக்கும் கால் நன்றாக இருந்தால், அந்தப் பணத்தைவிடக் குறைவாகச் செலவழித்து மலைக்குள்ளேயே இருந்துவிட்டு வரலாம். ரயில் உச்சிகளைக் கொஞ்சம் மறந்துவிட்டு, பேர் அவ்வளவாக அடிபடாத பள்ளத்தாக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் செலவு குறைந்ததற்கு முதல் காரணம் அந்தத் தேர்வுதான். மற்றச் சிக்கனமெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நான் பார்த்தது இரண்டு விஷயம். உள்ளூர் ரயிலில் இறங்கி நேராக நடக்கத் தொடங்க முடிய வேண்டும். நடக்கும் வழியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கூரை இருக்க வேண்டும். மூனிக்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் குஃப்ஷ்டைன் வந்துவிடும். எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் ஆஸ்திரிய ஊர் அது. ஊருக்குக் கிழக்கே கைசர் மலைகள் இரண்டு தொடராக நிற்கின்றன. வடக்கே இருப்பது ட்சாமர் கைசர், கொஞ்சம் தணிந்தது. தெற்கே வில்டர் கைசர், செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அதன் உச்சி எல்மாவர் ஹால்ட் 2,344 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் கைசர்டால். இந்த மலைப்பகுதி 1963 முதல் இயற்கைக் காப்பிடம். மக்கள் வாழும் பள்ளத்தாக்குகளில் ஆஸ்திரியாவிலேயே கடைசி வரை சாலை இல்லாமல் இருந்ததும் இதுதான். 2008-இல்தான் சுரங்கப்பாதை வந்தது, அதிலும் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். 2016-இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் மிக அழகிய இடமாக மக்கள் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பள்ளத்தாக்கைத்தான். அப்படியிருந்தும் நம் ஆட்களில் இதன் பேரைச் சொன்னால் தெரிந்தவர் குறைவு.

ரயில் சீட்டில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். எனக்கும் கணவருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் உண்டு, ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச்சீட்டு அது. மாதம் 49 யூரோவாக இருந்து, 2025-இல் 58 ஆகி, 2026-இல் 63 ஆன அதே சீட்டுதான். எல்லை தாண்டி இருந்தாலும் குஃப்ஷ்டைன் வரை அது செல்லும். விரைவு ரயில்களில் செல்லாது, உள்ளூர் ரயிலில்தான் போக வேண்டும். இந்தச் சீட்டில் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு வயது ஆனால் பிள்ளைக்குத் தனிச்சீட்டு வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாள் பயர்ன் டிக்கெட் எடுத்தோம். அந்தச் சீட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு இலவசமாகப் போகலாம். பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய அப்பிச்சியின் சீட்டில் வந்தார்கள். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும், சனி ஞாயிறுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நாங்கள் போனது செப்டம்பர் தொடக்கத்தில், வார நடுவில். பவேரியாவில் கோடை விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும். ஜெர்மனியின் மற்ற மாநிலங்கள் பலவற்றில் அதற்குள் பள்ளி திறந்துவிடும். அதனால் அந்த இடைப்பட்ட நாட்களில் குடில்களில் இடம் கிடைக்கிறது. ஆகஸ்ட் சனிக்கிழமைக்கு இடம் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல்தோறும் மிரட்டுகிற இடிமழை செப்டம்பரில் குறைகிறது. உயரத்தில் ஜூலை வரைகூடக் கிடக்கிற பனித்திட்டுகளும் போயிருக்கும். பகல் கொஞ்சம் குறுகும், இரவு குளிரும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

மலைக்குடில்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் மலைக்குள் தங்க முடிவது இவற்றால்தான். ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் 1862-இல் வியன்னாவில் தொடங்கியது, ஜெர்மன் சங்கம் 1869-இல் மூனிக்கில். ஊர் ஊராக இருக்கும் இவற்றின் கிளைகள் மலைகளில் குடில்களைக் கட்டி, பாதைகளைச் செதுக்கி, ஒன்றரை நூற்றாண்டாகப் பராமரித்து வருகின்றன. பாறையில் நாம் பார்க்கிற சிவப்பு வெள்ளைப் பட்டையை அடித்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத அங்கத்தினர்கள். குடிலில் ஓட்டல் அறைபோல எதிர்பார்க்கக் கூடாது. வரிசையாக மெத்தை போட்ட பொதுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கு அங்கத்தினர்களுக்குச் சுமார் 15 யூரோ, பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. அங்கத்தினர் அல்லாதவர்களும் தங்கலாம், ஆனால் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 10 யூரோவுக்கு மேல் கூடும். ஜெர்மன் அங்கத்தினருக்கு ஆஸ்திரியச் சங்கத்தின் குடிலிலும் அதே உரிமை உண்டு.

குடும்ப அங்கத்துவம் கிளையைப் பொறுத்து ஆண்டுக்கு 150 யூரோவை ஒட்டி வரும், பிள்ளைகளுக்குத் தனிக்கட்டணம் இல்லை. ஆண்டுக்குச் சில இரவுகள் மலையில் தங்கினாலே போட்ட காசு வந்துவிடும். ஜெர்மன் சங்கத்தில் செப்டம்பர் 1-க்குப் பிறகு சேர்ந்தால் அந்த ஆண்டுக்குப் பாதிக் கட்டணம்தான். ஆனால் நான் இதை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குப் படுக்கையின் விலையைவிட முக்கியமான காரணம் மீட்புக் காப்பீடு. மலையில் கால் பிசகி ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு ரசீது வரும், சாதாரண மருத்துவக் காப்பீடு பல நேரம் அதைக் கட்டாது. சங்க அங்கத்துவத்தில் ஒருவருக்கு 25,000 யூரோ வரை மீட்புச் செலவு அடங்கியிருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு விசாவுக்காக எடுக்கிற 30,000 யூரோ பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நினைத்துவிட வேண்டாம். சில திட்டங்கள் மலைநடையையும் மீட்பையும் விலக்கி வைத்திருக்கும். பொடி எழுத்தைப் படித்துவிட்டு, இல்லையென்றால் அப்பாவையும் அங்கத்தினராகச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சாமான் வாங்கத்தான் நம் ஆட்கள் அதிகம் செலவழிக்கிறார்கள், அதில் பாதி தேவையில்லாதது. காலணியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கணுக்காலை மூடுகிற, அடிப்பாகம் கெட்டியான நடைக்காலணி எல்லோருக்கும் வேண்டும், அப்பாவுக்கும்தான். பிள்ளைகளின் கால் ஒரு பருவத்துக்குள் வளர்ந்துவிடுவதால் அவர்களுக்குப் பழைய சாமான் சந்தையில் வாங்கலாம். மூனிக்கில் மழலையர் பள்ளிகள் நடத்தும் சந்தைகளில் அதிகம் தேயாத ஜோடிகள் கிடைக்கும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். குஃப்ஷ்டைனில் 25 டிகிரி என்றால் நாங்கள் இரண்டாம் நாள் ஏறிச்சேர்ந்த குடிலில் 18 தான், காற்று வீசினால் இன்னும் குறைவு. மூன்று மெல்லிய அடுக்கு உடை, அதன்மேல் ஒரு மழைச்சட்டை என்பது சரியான கணக்கு. உல்லன் குல்லாயைச் செப்டம்பரிலும் எடுத்துப்போங்கள்.

குடில்களில் கம்பளி கொடுப்பார்கள். ஆனால் சுத்தத்துக்காக நாம் மெல்லிய துணி உறை ஒன்று கொண்டுபோக வேண்டும், அது கட்டாயம். கடையில் பட்டுத்துணி உறை 50 யூரோ அளவில் விற்கிறது. அப்பாவின் எட்டு முழ வேட்டிகளை நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் தைத்துவிட்டேன். மடித்தால் ஆள் உயரம் வருகிறது, அகலமும் தாராளம், எடையோ ஒன்றுமில்லை. கைக்குள் சுருட்டிவிடலாம். குடிலின் பொறுப்பாளர் அம்மா அதைத் தொட்டுப்பார்த்து, இது என்ன துணி, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

பதினொரு மணிக்குள் குஃப்ஷ்டைனில் இறங்கிவிட்டோம். ஊர் நடுவில் பாறைமேல் ஒரு கோட்டை இருக்கிறது. அதில் 1931-இல் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக வைத்த, ஆர்கன் என்கிற பெரிய குழலிசைக் கருவி உண்டு. தினமும் நண்பகல் 12 மணிக்கு அதை வாசிக்கிறார்கள், ஊர் முழுக்கக் கேட்கும். கோட்டைக்குள் போகச் சீட்டு வேண்டும். நாங்கள் இன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டபடியே கேட்டோம். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றும் இல்லை. கெடாது, ஆறினாலும் ருசிக்கும், வயிறும் நிறையும்.

நிலையத்திலிருந்து நடைவழியின் தொடக்கத்துக்கு முக்கால் மணி நேரம். அங்கே எடுத்த எடுப்பில் ஏறத்தாழ முந்நூறு படிகள். "அம்மிணி, இது நம்மூர்க் கோயில்மலை மாதிரியே தொடங்குதே" என்றார் அப்பா. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர் அவர். இப்போது வயது அறுபத்தைந்து, முழங்காலில் லேசான வலி. நடைக்கம்பைக் கையில் கொடுத்ததும் யாரும் சொல்லித்தராமலே ஊன்றத் தொடங்கிவிட்டார், வெள்ளியங்கிரியில் மூங்கில்தடி பிடித்த பழக்கம். படிகளில் அவரை முன்னே விட்டோம். குழுவின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் மெதுவாக நடப்பவர்தான். அவர் பின்னால் வந்தால் முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். கடைசி ஆளுக்கு ஓய்வே கிடைக்காது.

படி முடிந்ததும் பாதை கிட்டத்தட்டச் சமதளமாகிவிடுகிறது. வலப்பக்கம் ஆழத்தில் ஓடை இரைகிறது. சற்றுத் தூரத்தில் ஒரு கிளைவழி டிஷோஃபர் குகைக்கு இறங்குகிறது. நூற்றுக்கணக்கான குகைக்கரடிகளின் எலும்புகளும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் செதுக்கிய எலும்பு ஈட்டிமுனைகளும் அங்கே கிடைத்தன. டிரோல் மாநிலத்தில் மனிதர் நடமாடியதற்கான மிகப் பழைய தடயங்கள் அவை. மகனுக்கு இந்தக் கரடிக் கதை போதும், அடுத்த ஒரு மணி நேரம் சிணுங்காமல் நடந்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் வழியில் இருக்கிற இப்படிப்பட்ட விஷயங்களை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்சி அழகாக இருக்கிறது என்று சொல்லி ஏழு வயதுப் பையனை நடக்கவைக்க முடியாது. கரடி, குகை, பாலம், அடுத்த திருப்பத்தில் கடலை மிட்டாய் என்றால் நடப்பான்.

ஃபான்டல்ஹோஃப் விடுதியைத் தாண்டி அன்டோனியஸ் சிற்றாலயத்துக்கு வந்ததும் மரங்கள் விலகி வில்டர் கைசர் சுவர் முழுதாகத் தெரிந்தது. புல்வெளி, வெள்ளைச் சிற்றாலயம், அதன் பின்னால் சாம்பல் நிறப் பாறை. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே அரைமணிக்கு மேல் இருந்தோம், யாருக்கும் அவசரம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு 829 மீட்டரில் இருக்கும் அன்டோன் கார்க் ஹவுஸ் போய்ச்சேர்ந்தோம்.

குடிலுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. வாசலிலேயே காலணி கழற்றும் அறை, உள்ளே வேறு செருப்பு. இரவு பத்து மணிக்குப் பேச்சு நின்றுவிட வேண்டும். குப்பையை நாமே கீழே கொண்டுபோக வேண்டும். பல இடங்களில் அட்டை செல்லாது, ரொக்கம் வேண்டும். குளியலுக்குத் தனிக்காசு, அதுவும் சில நிமிடங்கள்தான். சுண்ணாம்புமலையில் மழைநீர் பாறை வெடிப்புக்குள் இறங்கிவிடுவதால் மேலே தண்ணீர் அரிது. ஊற்று இருக்கும் என்று நம்பி வெறும் பாட்டிலோடு ஏறக் கூடாது. பெரியவர்களுக்கு இரண்டு லிட்டர், பிள்ளைகளுக்கு ஒரு லிட்டர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வந்தவுடன் குடிலின் பதிவேட்டில் பெயரையும் அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். இதைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதீர்கள். யாராவது வந்து சேரவில்லை என்றால் மீட்புக்குழு முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நானும் அப்பாவும் இறைச்சி, மீன் சாப்பிடுவதில்லை, முட்டை சேர்ப்போம். பாலாடைக்கட்டி போட்ட உருண்டையைச் சூப்பில் மிதக்கவிட்டுத் தருவார்கள். உருண்டை சைவம், ஆனால் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. பருப்புக் கூழில் பன்றிக்கொழுப்புத் துண்டு போடுவது வழக்கம். "இறைச்சி இல்லை" என்றால் மட்டும் போதாது, சாறும் கொழுப்பும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்கிறார்கள். பாலாடைக்கட்டியும் பொன்னிற வெங்காயமும் சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லே எங்கும் கிடைக்கும், நம்பிச் சாப்பிடலாம். பிள்ளைகளுக்குக் கைசர்ஷ்மார்ன். கனமான முட்டை ஆப்பத்தைப் பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, ஆப்பிள் கூழோடு தருவதுபோல இருக்கும். ஒரு தட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். ஆல்பைன் சங்க அங்கத்தினர்களுக்கென்று "மலையேறிகள் உணவு" என ஒரு மலிவான தட்டு உண்டு. குறைந்தது 500 கலோரி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டியலில் பல நேரம் கடைசி வரியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வழக்கம் இதுதான்: இரவுச் சாப்பாடு குடிலில், மதியம் கையிலிருக்கும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், இடையில் எள்ளுருண்டை. முழுவதையும் வீட்டிலிருந்து சுமந்துபோய் ஒரு பைசாகூடக் கொடுக்காமல் தங்குவதை நான் ஏற்க மாட்டேன். அரிசியும் மாவும் விறகும் மேலே வருவதே பெரும்பாடு. படுக்கைக் கட்டணம் சங்கத்துக்குப் போகிறது, குடிலை நடத்துகிற குடும்பம் பிழைப்பது சாப்பாட்டு வருமானத்தில்தான். சிக்கனம் அவர்கள் வயிற்றில் கை வைக்கக் கூடாது.

இரவு எட்டு மணிக்கு மேல் அப்பா ஒரு காகிதத்தில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்து, கூழாங்கல் பொறுக்கிவைத்துப் பிள்ளைகளோடு ஆடினார். பக்கத்து மேசையில் இருந்த ஒரு வயதான தம்பதி எட்டிப்பார்க்க, மகள் ஜெர்மனில் விதியை விளக்கினாள். பிறகு அவர்களை மேசையைவிட்டு எழுப்ப முடியவில்லை.

மறுநாள் ஏற்றம். 829 மீட்டரிலிருந்து 1,577 மீட்டரில் இருக்கும் ஸ்ட்ரிப்சன்யோஹ் ஹவுஸ் வரை, அதாவது 750 மீட்டர் உயரம். நடைநேரத்தைக் கணக்கிட இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 300 மீட்டர் ஏற்றம், அல்லது 500 மீட்டர் இறக்கம், அல்லது சமதளத்தில் 4 கிலோமீட்டர். உயரத்துக்கு ஆகும் நேரம், தூரத்துக்கு ஆகும் நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். எங்களுக்கு மூன்று மணி நேரம் வந்தது. ஓய்வு இதில் சேராது. பிள்ளைகளும் முதியவரும் இருந்தால் அதில் பாதியை மேலே சேர்த்துக்கொள்வது என் வழக்கம். நாலரை மணி நேரம் என்று வைத்து, ஏழரைக்குக் கிளம்பினோம். பாதைகளை நிறத்தால் பிரித்திருக்கிறார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இந்த ஏற்றம் சிவப்பு. கறுப்புப் பாதையில் பிள்ளைகளோடு கால் வைக்காதீர்கள், இணையத்தில் யார் எவ்வளவு அழகான படம் போட்டிருந்தாலும்.

வழியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் நின்றன. மகன் ஓடப்பார்த்தான். அப்பா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "கன்னுக்குட்டி கூட நிக்குது பாரு சாமி. அதுங்க தாயிங்க. கிட்ட போவாதே, சுத்தியே போலாம்." வாழ்நாளெல்லாம் மாடு வளர்த்தவர் அவர். நம்மில் பலர் மாட்டைக் கண்டதும் தடவிக்கொடுக்கப் போவோம். இங்கே மலைப்புல்லில் இருப்பவை தொழுவத்து மாடுகள் அல்ல, கன்றோடு மாதக்கணக்கில் திறந்தவெளியில் இருப்பவை. 2014-இல் டிரோலின் பின்னிஸ் பள்ளத்தாக்கில் நாயோடு நடந்துபோன ஒரு பெண்ணைக் கன்று காத்த பசுக்கள் முட்டிக் கொன்றுவிட்டன. அதற்குப் பிறகு மேய்ச்சல் நிலங்களின் வாசலில் எச்சரிக்கைப் பலகைகள் பெருகின. மந்தையைவிட்டு நன்றாக விலகி, மெதுவாக, கண்ணுக்குக் கண் பார்க்காமல் கடக்க வேண்டும். வேலிக்கதவைத் திறந்தால் திரும்ப மூட வேண்டும்.

காட்டைவிட்டு வெளியே வந்ததும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. நாற்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு. ஓய்வில் தண்ணீரும் ஏதாவது ஒரு வாய்த் தின்பண்டமும். பசிக்கிறது என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருந்தால் அது தாமதம். பன்னிரண்டு மணி வாக்கில் கணவாயில் இருக்கும் குடிலை அடைந்தோம். ஒரு பக்கம் டோட்டன்கிர்ஷல், மறுபக்கம் ஃப்ளைஷ்பாங்க், இரண்டும் குடிலின் எதிரிலேயே எழுந்து நிற்கின்றன. கடின மலையேற்றக் கலை வளர்ந்த இடங்களில் இந்தச் சுவர்களும் உண்டு. ஃப்ளைஷ்பாங்கின் கிழக்குச் சுவரை ஹான்ஸ் டுல்ஃபர் 1912-இல் ஏறினார். மூன்று ஆண்டுகளில் போரில் இறந்துபோனார். தொலைநோக்கியில் பார்த்தால் இன்றும் அந்தச் சுவரில் புள்ளிபுள்ளியாக ஆட்கள் ஒட்டிக்கொண்டு ஏறுவது தெரிகிறது. மகள் அங்கிருந்து நகரவே இல்லை.

குடிலுக்கு மேலே ஸ்ட்ரிப்சன்கோப்ஃப் என்ற சிகரம், 1,807 மீட்டர், முக்கால் மணி நேர ஏற்றம். கணவர் பிள்ளைகளோடு போனார். நானும் அப்பாவும் போகவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள, நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். எல்லோரும் எல்லா உச்சிக்கும் போக வேண்டியதில்லை. ஒருவர் முடியாது என்று சொல்வதற்கு இடம் வைத்துத் திட்டமிட்டால் பயணம் இனிதாகும். இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று நேரம் குறித்து அனுப்பினேன். மூன்றரைக்கு மேற்கே கறுத்து, நாலு மணிக்கு இடி இறங்கியது. அப்போது எல்லோரும் உள்ளே சூடான தேநீரோடு இருந்தோம். காலை சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் கூரை சேருவது என்கிற பழக்கம் இதற்காகத்தான். ஆல்பைன் சங்கத்தின் மலை வானிலை அறிக்கையை முதல் நாள் இரவிலும் காலையிலும் பார்த்துவிடுங்கள். தொலைபேசியின் பொது வானிலைப் படம் மலைக்குப் போதாது.

அவசர எண்களைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வைத்தேன். ஆஸ்திரியாவில் மலைமீட்புக்கு 140, ஐரோப்பா முழுக்க 112. சிக்னல் இல்லாவிட்டால் விளக்கோ விசிலோ போதும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள். ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கியது.

மூன்றாம் நாள் இறங்கினோம். இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் ஏற்படும் வலி இரண்டு நாள் கழித்தும் இருக்கும். நடைக்கம்புகளைச் சற்று நீளமாக்கிக்கொண்டு, அடியைச் சின்னதாக வைத்து, சுமையையெல்லாம் அப்பாவின் பையிலிருந்து எங்கள் பைகளுக்கு மாற்றிவிட்டோம். அன்டோன் கார்க் ஹவுஸில் நீண்ட ஓய்வு, ஃபான்டல்ஹோஃபில் இன்னொன்று. கடைசிப் படிக்கட்டில் மட்டும் அப்பா ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலும் வைத்து இறங்கினார். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கியிருந்ததால் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலைப் பற்றி இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 முதல் ஜெர்மனி இந்த எல்லையில் சோதனை வைத்திருக்கிறது. குஃப்ஷ்டைனுக்கும் ரோசன்ஹைமுக்கும் இடையில் காவலர்கள் ரயிலில் ஏறிக் கடவுச்சீட்டு கேட்பது சாதாரணம். கைப்பேசியில் எடுத்த படம் போதாது. பெரியவர்களின் கடவுச்சீட்டும் வசிப்பு அட்டையும், பிள்ளைகளுடையதும், ஊரிலிருந்து வந்தவரின் விசா ஒட்டிய கடவுச்சீட்டும் அசலாகவே, நீர் புகாத பையில், ஒரே ஆளிடம் இருக்கட்டும். எங்களிடம் கேட்டார்கள், காட்டினோம், அரை நிமிடத்தில் முடிந்தது.

இந்தக் குடில்கள் பொதுவாக மே நடுவில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். சங்கங்களின் இணையவழி முன்பதிவில் இடம் பார்த்துக்கொள்ளலாம். வர முடியாவிட்டால் முன்னதாகவே ரத்து செய்துவிடுங்கள், அந்த மெத்தை இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்கும். முதல்முறை போகிறவர்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஸ்ட்ரிப்சன்யோஹ் வரை ஏற வேண்டும் என்றுகூட இல்லை. அன்டோன் கார்க் ஹவுஸில் ஓர் இரவு தங்கி ஓடையில் கல் விளையாடிவிட்டுத் திரும்புங்கள். செலவும் இதில் பாதிதான்.